புதிய மாடலுக்குக் காத்திருந்தவர்கள்

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகப் புறப்பட்டால் ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் கோடைக்கானல். வைகைச் சமவெளியின் வெக்கையை விட்டு, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். அந்த மலையூரில் 2003-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி, தம் 64-ஆம் வயதில் ஆடம் ஆஸ்பார்ன் என்பவர் காலமானார். கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணிப்பொறியை உலகில் முதன்முதலாக வெற்றிகரமாக விற்றுக் காட்டியவர் அவர். இரண்டே ஆண்டுகளில் உச்சியைத் தொட்டு, அங்கிருந்து விழுந்தவரும் அவரே.

அவருடைய கதையை இன்று நினைவுகூர ஒரு காரணம் உண்டு. பத்து ஆண்டுகளாக ஒரே கம்பெனியின் மடிக்கணினியையே வாங்கி வரும் ஒருவர், புதிய மாடல் வெளிவரும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறார். வந்ததும் முதல் ஆளாக வாங்குகிறார். ஒரு வாரம் கழித்து, "இதற்குப் பழையதே மேல்" என்கிறார். வீட்டில் உள்ளவர்கள் சிரிக்கிறார்கள். வேகம் கூடியிருக்கிறது, எடை குறைந்திருக்கிறது, திரை பளிச்சென்று இருக்கிறது. இன்னும் என்ன குறை?

இது வெறும் மனக்குறையா? அல்லது இதற்கு உண்மையான காரணம் உண்டா? கணிப்பொறியின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. அந்த வரலாற்றின் முதல் ஏடு நம் மலையடிவாரத்தோடு தொடர்புடையது.

மதுரைக்கு ஓர் உறவு

1896-ஆம் ஆண்டில் மதுரையில் படித்துக்கொண்டிருந்த வெங்கடராமன் என்ற பதினாறு வயது மாணவர் வீட்டை விட்டுப் புறப்பட்டுத் திருவண்ணாமலை சென்றார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டார். அவரை நாடி வந்த மேல்நாட்டவர்களுள் ஒருவர் ஆர்தர் ஆஸ்பார்ன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கில் பணியாற்றிய அவருக்கும் அவருடைய போலந்து நாட்டு மனைவிக்கும் 1939 மார்ச் 6-ஆம் தேதி அந்நகரிலேயே பிறந்த மகன்தான் ஆடம்.

இரண்டாம் உலகப் போரின்போது தந்தை ஜப்பானியரின் சிறைமுகாமில் இருந்தார். தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். ஆகவே ஆடம் தமிழ் பேசி வளர்ந்தார். பள்ளிப் படிப்பு கோடைக்கானலில் ஒரு கான்வென்ட்டில். அப்போது கோடைக்கானல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985-இல் திண்டுக்கல்லைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் பிரிக்கப்படும் வரை அந்நிலை நீடித்தது.

பதினொரு வயதளவில் ஆடம் இங்கிலாந்து சென்றார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் படித்து 1961-இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் டாக்டர் பட்டமும் பெற்று, ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கேதான் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பழக்கம் ஏற்பட்டது. வேலையை விட்ட பிறகு, அப்போது புதிதாக வந்திருந்த நுண்செயலிகளைப் பற்றி எளிய நடையில் நூல்கள் எழுதித் தாமே வெளியிட்டார். அவை நன்றாக விற்றன. 1979-இல் அந்தப் பதிப்பகத்தை மக்ரா ஹில் என்ற பெரிய நிறுவனம் விலைக்கு வாங்கியது.

நூல் எழுதுகிறவர் ஏன் இயந்திரம் விற்க வந்தார்? அன்றைய வாடிக்கையாளர் பட்ட பாடுதான் காரணம். 1977-இல் ஆப்பிள்-2 முதலான சொந்த உபயோகக் கணிப்பொறிகள் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் பெட்டி ஒரு விலை, திரை ஒரு விலை, வட்டு இயக்கி ஒரு விலை. இவற்றை எல்லாம் இணைத்த பிறகு, கடிதம் எழுத ஒரு மென்பொருளும் கணக்குப் போட ஒரு மென்பொருளும் தனித்தனியே வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கி, ஒரே விலையில், தூக்கிச் செல்லும் வடிவில் கொடுத்தால் என்ன என்று ஆஸ்பார்ன் எண்ணினார். மிகச் சிறந்தது வேண்டியதில்லை, போதுமானது இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை.

பதினொரு கிலோ எடையுள்ள பெட்டி

லீ ஃபெல்சன்ஸ்டீன் என்ற பொறியாளர் வடிவமைத்த ஆஸ்பார்ன்-1 கணிப்பொறி, 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. விலை 1,795 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்.

தையல் மெஷின் பெட்டியைப் போன்ற தோற்றம். எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். பத்துக் கிலோ அரிசிப் பையோடு இன்னும் ஒரு கிலோ சேர்த்துத் தூக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. விமானத்தில் இருக்கைக்கு அடியில் வைக்கத்தக்க அளவு. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. மின்கலம் கிடையாது, சுவரில் உள்ள மின்சாரத்தில்தான் ஓடும். ஆகவே மடியில் வைத்துப் பயன்படுத்தும் இன்றைய மடிக்கணினிக்கு இதை முன்னோடி எனலாமே தவிர, மடிக்கணினி என்று சொல்ல முடியாது.

உள்ளே இசட்-80 என்ற நுண்செயலி. நினைவகம் 64 கிலோபைட், அதாவது 65,536 எழுத்துகளுக்கு இடம். இன்று 8 ஜிகாபைட் நினைவகம் கொண்ட சாதாரண மடிக்கணினியில் இதைப் போல ஒரு லட்சத்து 31 ஆயிரம் மடங்கு இடம் இருக்கிறது. தகவல்களைச் சேமிக்க இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகள். அவற்றின் நடுவே, உள்ளங்கை அளவில் 5 அங்குலத் திரை.

இந்தத் திரைதான் அதன் பெரிய குறை. ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரியும். ஆனால் கணிப்பொறி உலகில் ஒரு வரிக்கு 80 எழுத்து என்பது ஊன்றிப்போன வழக்கம். 1928-இல் ஐ.பி.எம். கொண்டு வந்த துளையிட்ட அட்டையில் 80 பத்திகள் இருந்தன; அந்தக் கணக்கே திரைக்கும் வந்து சேர்ந்தது. ஆஸ்பார்னில் ஒரு நீண்ட வரியை முழுதும் படிக்க வேண்டுமானால், சன்னல் வழியே ஊர்வலத்தைப் பார்ப்பது போலத் திரையை இடமும் வலமும் நகர்த்த வேண்டும்.

இருந்தும் மக்கள் வாங்கினார்கள். கடிதமும் கட்டுரையும் எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் பட்டியல் போட சூப்பர்கால்க், நிரல் எழுத இரண்டு வகை பேசிக் மொழி என்று அத்தனை மென்பொருளும் பெட்டியோடு வந்தன. அவற்றைத் தனியே வாங்கினால் ஏறக்குறைய கணிப்பொறியின் விலையே ஆகிவிடும். விற்பனை உச்சத்தில் இருந்தபோது மாதத்துக்குப் பத்தாயிரம் பெட்டிகள் வரை போயின.

வாடிக்கையாளர் போட்ட முதல்

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த வாடிக்கையாளர் 1,795 டாலர் மட்டுமா கொடுத்தார்?

வேர்ட்ஸ்டாரில் சுட்டெலி கிடையாது. கட்டுப்பாட்டு விசையோடு இன்னோர் எழுத்தைச் சேர்த்து அழுத்தித்தான் ஒவ்வொரு கட்டளையும் இட வேண்டும். வரியை அழிக்க ஒரு சேர்க்கை, பத்தியை நகர்த்த ஒரு சேர்க்கை. இவற்றை விரல்கள் மனப்பாடம் செய்ய வாரங்கள் பிடிக்கும். பிறகு அவர் எழுதிச் சேர்த்த கடிதங்கள், கணக்குகள், கையெழுத்துப் பிரதிகள் நெகிழ்வட்டுகளில் நிறையும். அந்த வட்டுகள் ஆஸ்பார்னுக்கு உரிய முறையில் பதியப்பட்டவை. வேறு கம்பெனியின் பெட்டியில் நேராகப் போட்டால் படிக்க முடியும் என்ற உறுதி இல்லை.

ஆக, வாங்கியவரின் முதலீட்டில் பணம் ஒரு பங்குதான். கற்ற பழக்கமும் சேர்த்த ஆவணங்களும் மற்றப் பங்கு. கணிப்பொறி பழசாகப் பழசாக அதன் விலை குறைகிறது. இந்த இரண்டாவது பங்கோ ஆண்டுதோறும் வளர்கிறது. தறி நெய்கிறவருக்குப் பழகிய தறியைப் போல, தைக்கிறவருக்குப் பழகிய மெஷினைப் போல. கம்பெனியின் மேல் வாடிக்கையாளர் வைக்கும் விசுவாசத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆஸ்பார்ன் பயன்படுத்துவோர் ஒன்றுகூடி 1981-லேயே 'முதல் ஆஸ்பார்ன் குழு' என்ற சங்கத்தை அமைத்தனர். இலவச மென்பொருள்களைப் பகிர்ந்துகொண்டனர், சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டனர், இதழும் நடத்தினர். கம்பெனி மூடிய பின்னரும் அந்தச் சங்கம் இயங்கியது. இதிலிருந்தே அந்த வாடிக்கையாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது விளங்கும்.

1983-இன் ஏமாற்றம்

வெற்றியைக் கண்டதும் போட்டியாளர்கள் வந்தனர். 1982-இல் கேப்ரோ-2 வெளிவந்தது. 9 அங்குலத் திரை. வரிக்கு 80 எழுத்து. விலை 1,595 டாலர். ஆஸ்பார்னின் குறை எதுவோ அதையே நிறைவு செய்து, விலையையும் குறைத்துவிட்டார்கள்.

இதற்கு விடையாக ஆஸ்பார்ன் 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற புதிய மாடலைத் தயாரித்தார். 1983-இன் தொடக்கத்தில், அது கடைக்கு வருவதற்கு முன்பாகவே, அதைப் பற்றிய பேச்சு வெளியே பரவியது. பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்டது. பழைய மாடலை வாங்க இருந்தவர்கள், "இன்னும் சில மாதம்தானே, காத்திருப்போம்" என்று நின்றுவிட்டார்கள். விற்பனையாளர்களும் அனுப்பிய ஆர்டர்களைத் திரும்பப் பெற்றார்கள். பழையது விற்கவில்லை, புதியது இன்னும் வரவில்லை. தினசரி வரவு நின்றால் எந்தக் கடை தாங்கும்?

வந்த பிறகாவது மனம் நிறைந்ததா? எக்ஸிக்யூட்டிவ் மாடலின் திரை 7 அங்குலம். 80 எழுத்தும் தெரிந்தது. நினைவகம் இரு மடங்கு. ஆனால் விலை 2,495 டாலர். கேப்ரோவை விடத் திரை சிறியது. விலையோ 900 டாலர் அதிகம்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று இருந்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி. கணிப்பொறியை வெளியிட்டிருந்தது. மென்பொருள் எழுதுவோர் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தனர். அதன் நுண்செயலி இன்டெல் 8088. இசட்-80-க்கு எழுதிய இயந்திர மொழி அதற்குப் புரியாது. அதற்கு எழுதியது இசட்-80-க்குப் புரியாது. எக்ஸிக்யூட்டிவ் மாடலிலும் இசட்-80-தான் இருந்தது. ஐ.பி.எம். பி.சி.க்கு எழுதிய மென்பொருள் அதில் ஓடாது.

அதே 1983 மார்ச்சில் காம்பாக் என்ற புதிய கம்பெனியின் பெட்டி கடைகளுக்கு வந்தது. எடை ஆஸ்பார்னை விட அதிகம். விலை ஏறக்குறைய 3,000 டாலர். ஆனால் ஐ.பி.எம். பி.சி.யின் மென்பொருள் அதில் ஓடியது. ஐ.பி.எம்.மின் அடிப்படை நிரலைப் பார்த்து எழுதாமல், அது செய்யும் வேலைகளை மட்டும் குறித்துக்கொண்டு, புதிதாக ஒரு நிரல் எழுதி இதைச் சாதித்தார்கள். முதல் ஆண்டிலேயே 53,000 பெட்டிகள் விற்றன. சுமப்பதற்கு எளிதா, விலை குறைவா என்பதை விட, "நான் கற்றதும் சேர்த்ததும் இதில் செல்லுமா?" என்பதையே வாங்குகிறவர்கள் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1983 செப்டம்பரில் ஆஸ்பார்ன் கணிப்பொறிக் கம்பெனி திவாலானது. முதல் பெட்டி மேடையேறி இரண்டரை ஆண்டு கூட ஆகவில்லை.

பேச்சு மட்டுமா காரணம்?

புதிய பொருளை முன்கூட்டியே அறிவித்து, கைவசம் உள்ள பொருளின் விற்பனையைத் தானே கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்பார்ன் விளைவு' என்று பெயர் ஏற்பட்டது. வணிகவியல் வகுப்புகளில் இன்றும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விளக்கத்தோடு நின்றுவிடுவது சரியல்ல. கேப்ரோவின் போட்டி, காம்பாக்கின் வருகை, வேகமாக வளர்ந்த கம்பெனியில் கணக்கு வழக்கைக் கட்டுக்குள் வைக்க முடியாமை ஆகியவையும் சேர்ந்தே அதை வீழ்த்தின என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

வாடிக்கையாளரின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அறிவிப்பு ஏன் அவ்வளவு பாதித்தது? அவர்கள் கம்பெனியை நம்பியதால்தான். நம்பாதவர் காத்திருக்க மாட்டார்; அன்றே கேப்ரோ கடைக்குப் போயிருப்பார். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததோ அரைகுறையான பதில். ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் கையில், தயாரித்த கம்பெனியே இல்லாத ஒரு பெட்டியும், அதில் மட்டும் சரியாகப் படிக்க முடிந்த வட்டுகளும் மிஞ்சின.

ஆஸ்பார்ன் அடங்கிவிடவில்லை. 1984-இல் மலிவு விலை மென்பொருள் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அதன் கணக்குப் பட்டியல் மென்பொருள், புகழ்பெற்ற லோட்டஸ் மென்பொருளைப் போலவே இயங்கியது. மக்கள் கற்ற பழக்கம் வீணாகாமல் அதே கட்டளைகளைத் தர வேண்டும் என்பது நோக்கம். லோட்டஸ் கம்பெனி 1987-இல் வழக்குத் தொடர்ந்தது. 1990-இல் தீர்ப்பு ஆஸ்பார்னின் கம்பெனிக்கு எதிராக வந்தது. அதன் பின் உடல்நலம் குன்றி, 1992-இல் இந்தியா திரும்பி, சிறுவயதில் படித்த கோடைக்கானலிலேயே கடைசிக் காலத்தைக் கழித்தார்.

நம் ஊர் அச்சகத்தில் நடந்தது

இதெல்லாம் அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 1990-களில் மதுரை, சிவகாசி முதலான ஊர்களின் அச்சகங்களில் ஈய எழுத்து போய்க் கணிப்பொறி வந்தது. தமிழ் எழுத்துருக்களைப் பல நிறுவனங்கள் தயாரித்தன. ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தன் விருப்பம்போல் தமிழ் எழுத்துகளை அமர்த்தியது. ஓர் எழுத்துருவில் 'அ' இருந்த எண்ணில் இன்னோர் எழுத்துருவில் 'க' இருக்கும். எழுத்துருவை மாற்றினால் கல்யாணப் பத்திரிகை பொருளற்ற எழுத்துக் குவியலாகிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்99 விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டுத் தரங்களையும் தமிழக அரசு ஏற்றது. 2010-இல் யூனிகோடு முறையையும் ஏற்றது. உலகின் எல்லா மொழிகளுக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் என்பதே யூனிகோடு. ஆகவே அதில் தட்டெழுதியது எந்தக் கணிப்பொறியிலும் தமிழாகவே தெரியும்.

ஆனால் அதற்குள் சேர்ந்துவிட்ட பழைய ஆவணங்கள்? பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு உழைப்பு பழைய எழுத்துருவில் கிடந்தது. பக்கம் அமைக்க அச்சகத்தார் நம்பியிருந்த பேஜ்மேக்கர் மென்பொருளை மேலும் வளர்ப்பதை அடோபி கம்பெனி 2004-இல் நிறுத்திவிட்டது. புதிய கணிப்பொறி, புதிய விண்டோஸ் என்று வாங்கியவர், பழைய கோப்புகளைத் திறக்க வழியின்றித் திகைத்தார். தூசு படிந்த பழைய கணிப்பொறி ஒன்றைப் பல அச்சகத்தார் மூலையில் விடாமல் வைத்துக்கொண்டதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. அவர்களுடைய முதல் அதற்குள் இருந்தது.

விசைப்பலகைச் சண்டைகள்

பின் வந்த மடிக்கணினிகளின் வரலாற்றிலும் இதே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது.

ஐ.பி.எம். 1992-இல் 'திங்க்பேட்' என்ற கறுப்பு நிற மடிக்கணினியை வெளியிட்டது. விசைகளின் நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு சிறு குமிழ். அதை விரலால் தள்ளினால் திரையில் சுட்டி நகரும். ஏழு வரிசை விசைப்பலகைக்கு உலகெங்கும் விசுவாசிகள் உண்டு. 2005-இல் இந்தத் தொழிலைச் சீனாவின் லெனோவோ வாங்கியது. 2012-இல் ஏழு வரிசை ஆறாகக் குறைந்தது. 2013 மாடல்களில் குமிழுக்குத் துணையாக இருந்த தனிப் பொத்தான்களையும் எடுத்துவிட்டார்கள். நெடுநாள் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2015-இல் பொத்தான்கள் திரும்பி வந்தன. 2017-இல் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக வெளியிட்ட மாடலில் பழைய ஏழு வரிசையும் வந்தது.

ஆப்பிள் கம்பெனி 2015-இல், மடிக்கணினியை மேலும் மெலிதாக்க, 'பட்டாம்பூச்சி' விசை என்ற புது அமைப்பைக் கொண்டு வந்தது. அதற்கு முன்பிருந்தது கத்தரிக்கோல் போலக் குறுக்காக அமைந்த இரு துண்டுகள். புதியதில் இரு துண்டுகள் சிறகு போல நடுவில் இணைந்திருந்தன. விசை கீழே இறங்கும் தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. இடைவெளி அவ்வளவு சிறியதாகும்போது ஒரு தூசித் துணுக்கே விசையைச் சிக்க வைக்கப் போதும். ஒரு முறை அழுத்தினால் எழுத்து இரு முறை விழும். அல்லது விழவே விழாது. விசைப்பலகையை மாற்ற வேண்டுமானால் மின்கலத்தோடு சேர்த்து மேற்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். 2016 மாடலில் மின்சார இணைப்புக் காந்தம், நினைவட்டைத் துளை முதலியவையும் நீக்கப்பட்டன. 2018-இல் கம்பெனி இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது. 2019-இல் கத்தரி அமைப்பு திரும்பியது. 2021 மாடல்களில் காந்த இணைப்பும் நினைவட்டைத் துளையும் திரும்பின. இது தொடர்பான வழக்கு ஒன்றை அமெரிக்காவில் 5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளக் கம்பெனி 2022-இல் ஒப்புக்கொண்டது.

அப்படியானால் வாடிக்கையாளர் சொல்வதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. 2008-இல் ஆப்பிள் குறுந்தட்டு இயக்கி இல்லாத மெலிந்த மடிக்கணினியை வெளியிட்டபோதும் குறை கூறினார்கள். சில ஆண்டுகளில் மற்றக் கம்பெனிகளும் அதே வழியில் வந்தன. இன்று அதை யாரும் தேடுவதில்லை.

இந்த இரண்டு வகைக்கும் வேறுபாடு எங்கே? பாலம் இருந்ததா என்பதில்தான். குறுந்தட்டு போனபோது அதிலிருந்ததை வேறு வழியில் எடுத்துக்கொள்ள வசதி இருந்தது. ஆப்பிள் கம்பெனி 2006-லும் 2020-லும் நுண்செயலியையே மாற்றியது. ஆனால் பழைய மென்பொருளைப் புதிய செயலிக்குப் பெயர்த்துத் தரும் ஏற்பாட்டையும் கூடவே தந்தது. பெரும்பாலோர் சிரமமின்றிக் கடந்து வந்தனர். மதுரையில் 1889-இல் கட்டி முடித்த ஏ.வி. பாலத்துக்குப் பின் வைகையின் மேல் எத்தனையோ பாலங்கள் வந்துவிட்டன. பழையதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டத் தொடங்கியிருந்தால் வடகரைக்காரரும் தென்கரைக்காரரும் என்ன செய்திருப்பார்கள்?

குறைபாடு வேறு, ஏமாற்றம் வேறு

நம் நாட்டில் 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளில் குறைபாடு இருந்தாலோ, விளம்பரத்தில் பொய் இருந்தாலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சிக்கிக்கொள்ளும் விசை குறைபாடு. ஆனால் பழகிய பொத்தான் இல்லாமல் போனதும், பழைய கோப்பு திறக்காததும், முன்கூட்டி மறைக்கப்படாதவரை, சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் குறைபாடு ஆகா. அவை ஏமாற்றம் மட்டுமே. ஏமாற்றத்துக்குச் சட்டத்தில் நிவாரணம் இல்லை. பொருளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு முறை வகுக்க மத்திய அரசு 2022-இல் குழு அமைத்தது நல்ல தொடக்கம்.

ஆகவே நம் காவல் நம் கையில்தான் பெரிதும் இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதன் மூலமாகவே உசிலம்பட்டியிலும் மேலூரிலும் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணிப்பொறி வந்தது. அந்த மாணவர்கள் இன்று சொந்தப் பணத்தில் வாங்கும் வயதினர். அவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

கம்பெனியின் பெயரை நம்பி, வெளிவந்த முதல் வாரத்திலேயே வாங்க வேண்டாம். பட்டாம்பூச்சி விசையின் குறை வெளிப்பட மாதங்கள் ஆயின. கடையில் திரையின் பளபளப்பைப் பார்ப்பதோடு நில்லாமல், விசைப்பலகையில் ஒரு பக்கம் தட்டெழுதிப் பாருங்கள். நீங்கள் வைத்திருக்கும் பென்டிரைவும் பிரிண்டரும் நேராகப் பொருந்துமா என்று கேளுங்கள். மின்கலத்தையும் நினைவகத்தையும் பின்னால் மாற்ற முடியுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியதை யூனிகோடிலும், பல மென்பொருள்கள் திறக்கக்கூடிய பொது வடிவத்திலும் சேமித்து, ஒரு நகலை வேறிடத்தில் வையுங்கள். அப்படிச் செய்தால் எந்தக் கம்பெனி கைவிட்டாலும் நம் முதல் நம்மிடம் இருக்கும்.

தயாரிப்பாளர்களுக்கும் 1983 ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. "இதற்குப் பழையதே மேல்" என்று முணுமுணுக்கிறவர் கம்பெனியின் விரோதி அல்லர். வேறு கடைக்குப் போகாமல் காத்திருந்தவர் அவர். அந்த இயந்திரத்தில் தம் பல ஆண்டு உழைப்பைச் சேர்த்து வைத்திருப்பவரும் அவர்தான். அந்த உழைப்பு புதிய பெட்டியிலும் செல்லுபடியாகும் என்று காட்டிவிட்டால், அவர் அடுத்த மாடலுக்கும் காத்திருப்பார்.